அக்குள் கணுக்களை எடுக்காமல் விடலாமா? மாறிக்கொண்டே இருக்கும் மருத்துவத்தை எதை வைத்து நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 52. மார்பில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுப் பெரிய புற்றுக்கட்டி இருந்தது. மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கினார்கள். அக்குளில் மூன்று நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பரிசோதித்ததில் ஒன்றில் புற்றுநோய் இருந்தது. மீதிக் கணுக்களை எடுக்க வேண்டியதில்லை, கதிர்வீச்சும் மருந்துகளும் போதும் என்கிறார் மருத்துவர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்கு இதே நோய் வந்தபோது மார்பையும் அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அவர் இன்றும் நலமாக இருக்கிறார். ஆனால் அந்தக் கை வீங்கியே இருக்கிறது. அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்று அன்று சொன்னதை இன்றுவரை கடைப்பிடிக்கிறார். அன்று எல்லாவற்றையும் எடுத்தது சரியென்றால் எனக்கு ஏன் எடுக்கவில்லை? புற்றுநோய் ஆராய்ச்சியில் 53 ஆய்வுகளைச் சோதித்ததில் ஆறுதான் உண்மையாம் என்று என் மைத்துனர் ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார். யாரை நம்புவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கணுக்களை விட்டுவைப்பது உங்களுக்குப் பாதுகாப்பானதா என்பது ஒன்று. நேற்று சரியென்று சொன்னதை இன்று வேண்டாம் என்று சொல்லும் துறையை எதை வைத்து நம்புவது என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை சுருக்கமானது. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் அப்படியே சரியென்றால், உங்கள் மருத்துவர் சொல்வது இன்றைய புற்றுநோய் அறுவை மருத்துவர்களில் பெரும்பாலோர் சொல்லக்கூடியதுதான். அதற்கான சான்றும் வலுவானது. ஆனால் அந்தச் சான்று எப்படி உருவானது என்பதை அறியாமல், இன்னொரு மருத்துவர் சொல்லிவிட்டார் என்பதற்காக மட்டும் நீங்கள் அமைதியடைவதை நான் விரும்பவில்லை. ஆகவே இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் ஏதோ கவனக்குறைவால் பிறந்ததல்ல. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பு, அதன் அடியிலுள்ள தசைகள், அக்குள் கணுக்கள் ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாக அகற்றும் அறுவை முறையை வகுத்து, ஐம்பது நோயாளிகளின் விவரங்களை 1894இல் வெளியிட்டார். புற்றுநோய் கட்டியிலிருந்து கணுக்களுக்கும், கணுக்களைத் தாண்டிய பிறகே உடலின் மற்ற இடங்களுக்கும் படிப்படியாகப் பரவுகிறது என்பது அவர் கொண்ட கோட்பாடு. அப்படியானால் வேலியைப் போதுமான தொலைவில் போட்டுவிட்டால் நோய் அகப்பட்டுக்கொள்ளும். அறுவை செய்த இடத்தில் நோய் திரும்ப வருவது அவர் கையில் வெகுவாகக் குறைந்தது. அதுவரை இருந்த நிலைமையோடு ஒப்பிட்டால் அது மெய்யான சாதனைதான். சிக்கல் என்னவென்றால், அறுவை செய்த இடத்தில் நோய் திரும்பவில்லை என்பதும் அந்தப் பெண் நீண்ட காலம் உயிரோடு இருந்தார் என்பதும் வேறு வேறு செய்திகள். முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்த முறையை மருத்துவ உலகம் பின்பற்றியது.

"என் நோயாளிகள் நன்றாக இருக்கிறார்களே" என்று ஓர் அறுவை மருத்துவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது சான்றாகாது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் துறையில் மிகப் பலரை ஏமாற்றிய கணக்கு இது. கற்பனையாக, முதல் கட்ட நோயாளிகள் நூறு பேரில் 80 பேரும், இரண்டாம் கட்ட நோயாளிகள் நூறு பேரில் 50 பேரும் ஐந்தாண்டுகள் கடந்து உயிர் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு மருத்துவமனை கூடுதலான கணுக்களை எடுத்துப் பரிசோதிக்கிறது. முதல் கட்டம் என்று நினைத்தவர்களில் 20 பேருக்குக் கணுவில் நோய் ஒளிந்திருப்பது தெரிகிறது. அவர்கள் இரண்டாம் கட்டத்துக்கு மாற்றப்படுகிறார்கள். அந்த இருபது பேரில் 12 பேர் ஐந்தாண்டுகளைக் கடப்பவர்கள் என்றால் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். முதல் கட்டத்தில் மீதமுள்ள 80 பேரில் 68 பேர் பிழைக்கிறார்கள். 80 சதவீதம் 85 ஆகிவிட்டது. இரண்டாம் கட்டத்தில் 120 பேரில் 62 பேர். 50 சதவீதம் கிட்டத்தட்ட 52 ஆகிவிட்டது. இரண்டு கட்டங்களிலும் முன்னேற்றம் தெரிகிறது. மொத்தத்தில் பிழைத்தவர்கள் முன்பும் 130 பேர், இப்போதும் 130 பேர். ஒருவர்கூடக் கூடுதலாக ஒரு நாள் வாழவில்லை. நுரையீரல் புற்றுநோயில் இது உண்மையாகவே நடந்ததை ஆல்வன் ஃபைன்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் 1985இல் எடுத்துக்காட்டினார்கள். கணுக்களை நிறைய எடுக்கும் மருத்துவமனைகளின் முடிவுகள் ஒவ்வொரு கட்டத்திலும் சிறப்பாகத் தெரிவதற்கு இந்த இடமாற்றமே ஒரு காரணமாக இருக்கலாம்.

இதிலிருந்து தப்பிக்க ஒரே ஒரு நல்ல வழிதான் உண்டு. ஒரே மாதிரியான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய முறையையும் மற்றதற்குப் புதிய முறையையும் அளித்து, இறுதிவரை எல்லோரையும் எண்ண வேண்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் ஃபிஷர் 1971இல் இதைத் தொடங்கியபோது சக அறுவை மருத்துவர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். நிரூபணமான சிகிச்சையைப் பெண்களுக்கு மறுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. பி-04 என்று அழைக்கப்படும் அந்த ஆய்வில், அக்குளில் நெறி தட்டுப்படாத 1,079 பெண்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை; இன்னொன்றுக்கு மார்பை அகற்றிக் கதிர்வீச்சு; மூன்றாவது பிரிவுக்கு மார்பை மட்டும் அகற்றுதல், பிற்பாடு அக்குளில் நெறி கட்டினால் மட்டும் அப்போது கணுக்களை எடுத்தல். ஹால்ஸ்டெட் முறையில் எடுத்த கணுக்களைப் பரிசோதித்ததில் சுமார் 40 சதவீதப் பெண்களுக்கு அவற்றில் நோய் இருந்தது. குலுக்கல் முறை என்பதால் மூன்றாவது பிரிவிலும் ஏறத்தாழ அதே விகிதத்தினருக்குக் கணுவில் நோய் இருந்திருக்கும். அது உள்ளேயே விடப்பட்டது. ஆனால் அந்த மூன்றாவது பிரிவினரில் பிற்பாடு அக்குளில் நோய் தலைகாட்டியது 18 சதவீதத்தினருக்குத்தான். இருபத்தைந்து ஆண்டு கால முடிவுகள் 2002இல் வெளியானபோது, உயிர் பிழைத்தோர் விகிதத்தில் மூன்று பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த ஆய்வில் யாருக்கும் கீமோதெரபி கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மார்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்கும் சிகிச்சையும் இவ்வாறே நிலைபெற்றது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்த்தோ வெரொனேசி 701 பெண்களை வைத்து நடத்திய ஆய்வும், ஃபிஷரின் பி-06 ஆய்வும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே முடிவைச் சொல்லின: மார்பை முழுவதும் எடுத்தாலும் கட்டியை மட்டும் எடுத்தாலும் உயிர் பிழைப்போர் விகிதத்தில் வேறுபாடு இல்லை. இடையில் ஒரு மோசடியும் நடந்தது. ஃபிஷரின் ஆய்வுகளில் பங்கேற்ற கனடிய மருத்துவமனை ஒன்றில், தகுதியில்லாத நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதற்காகப் பதிவேடுகள் திருத்தப்பட்டிருந்தது 1994இல் பொதுவெளிக்கு வந்தது. கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்கள் பதறிப்போனார்கள். அந்த மருத்துவமனையின் நோயாளிகள் அனைவரையும் நீக்கிவிட்டுக் கணக்கை மீண்டும் போட்டபோது முடிவு மாறவில்லை. அந்த மோசடியோடு எந்தத் தொடர்பும் இல்லாத மிலான் ஆய்வும் அதே இடத்தில்தான் நின்றது. ஒரு தூணைப் பிடுங்கினாலும் கட்டடம் நிற்கிறதா என்று சோதித்துப் பார்க்க முடிந்ததால்தான் அந்தச் சான்றின்மீது எனக்கு மதிப்பு.

சோதிக்கவே விடாத நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் இதே நோயில் சான்று இருக்கிறது. மிக அதிக அளவில் கீமோதெரபி கொடுத்துவிட்டு, அழிந்துபோகும் எலும்பு மஜ்ஜைக்கு ஈடாக நோயாளியின் சொந்த ரத்த மூலச் செல்களைத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையை 1990களில் ஆயிரக்கணக்கான பெண்கள் பெற்றார்கள். அதுவே சிறந்தது என்று மருத்துவர்களும் நோயாளிகளும் உறுதியாக நம்பியதால், குலுக்கலில் சேர்ந்து சாதாரணப் பிரிவில் விழ யாரும் தயாராக இல்லை; ஒப்பீட்டு ஆய்வுகள் ஆள் சேராமல் தள்ளிக்கொண்டே போயின. இறுதியில் 1999இல் முடிவுகள் வந்தபோது பெரும்பாலானவை பயனில்லை என்றன. தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா மட்டும் பெரும் பயன் கண்டதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று நேரில் சென்று பதிவேடுகளைக் கேட்டபோது பலவற்றைக் காட்ட முடியவில்லை. ஆய்வு விவரங்களைத் திரித்ததை அவர் ஒப்புக்கொண்டார்.

இனி உங்கள் அக்குளுக்கு வருகிறேன். உங்கள் அக்காவுக்கு அறுவை நடந்த காலத்தில், முதலில் எடுத்த கணுவில் புற்றுநோய் இருந்தால் மீதி எல்லாவற்றையும் எடுப்பதே ஏற்கப்பட்ட முறை. இசட் 0011 என்ற அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2011இல் முழுமையாக வெளிவந்த பிறகே அது மாறத் தொடங்கியது. அதில் பங்கேற்ற 891 பெண்களும் கிட்டத்தட்ட உங்களைப் போன்றவர்கள்: கட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இல்லை, அறுவைக்கு முன் அக்குளில் நெறி தட்டுப்படவில்லை, கட்டி மட்டும் நீக்கப்பட்டது, ஒன்று அல்லது இரண்டு கணுக்களில் நோய், அதன்பின் மார்பு முழுவதற்கும் கதிர்வீச்சு. பாதிப் பேருக்கு மீதிக் கணுக்கள் எடுக்கப்பட்டன. பாதிப் பேருக்கு எடுக்கப்படவில்லை. எடுத்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு மேலும் சில கணுக்களில் நோய் இருந்தது. அப்படியானால் எடுக்காதவர்களிலும் நாலில் ஒருவருக்கு உள்ளே நோய் விடப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் அஞ்சுவது இதைத்தான். அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. ஆனால் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிரிவில் அக்குளில் நோய் திரும்பியவர்கள் 1.5 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் கணுக்களை எடுக்காத பிரிவில் 86.3 சதவீதம், எடுத்த பிரிவில் 83.6 சதவீதம். மிச்சமிருந்த சிறு நோயைக் கதிர்வீச்சும் மருந்துகளும் கவனித்துக்கொண்டன என்பதே இதற்கு நாங்கள் தரும் விளக்கம்.

இந்த ஆய்வையும் யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. 1,900 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, பாதிக்கும் குறைவானவர்களோடு முடித்துக்கொண்டதால் சிறு வேறுபாடு கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்று கேட்டார்கள். கதிர்வீச்சுப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தவர்கள், சிலருக்கு அனுமதிக்கப்பட்டதற்கு மேலாக அக்குள் பகுதிக்கும் கதிர்வீச்சு போயிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் நியாயமான ஆட்சேபங்கள். என் கருத்தில் இரண்டாவது இன்றும் கவனிக்க வேண்டியது. அந்த ஆட்சேபங்களின் பயனாகவே மேலும் ஆய்வுகள் நடந்தன. அமாரோஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு, கணுக்களை எடுப்பதற்குப் பதிலாக அக்குளுக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தது. இரண்டிலும் நோய் திரும்புவது மிக அரிதாகவே இருந்தது. நிணநீர் தேங்கிக் கை வீங்குவது ஐந்தாம் ஆண்டில் கணுக்களை எடுத்தவர்களில் 23 சதவீதம், கதிர்வீச்சு பெற்றவர்களில் 11 சதவீதம். மீதிக் கணுக்களை எடுக்காமல் விடுவது மார்பை முழுவதும் அகற்றியவர்களுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு 2024இல் வெளியான செனோமாக் ஆய்வு பெருமளவு பொருந்தும் என்று விடை தந்தது.

உங்கள் மைத்துனர் அனுப்பிய எண்ணிக்கை கட்டுக்கதை அல்ல. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள், முக்கியமானவை என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்க்க முயன்றதில் ஆறு மட்டுமே உறுதிப்பட்டன என்று 2012இல் எழுதினார்கள். 2021இல் முடிந்த இன்னொரு பெருமுயற்சியில், மறுபடி செய்த சோதனைகளில் கிடைத்த விளைவு, முதலில் அறிவிக்கப்பட்டதைவிட, இடைநிலை மதிப்பில் (மீடியன்) 85 சதவீதம் சிறியதாக இருந்தது. பல ஆண்டுகளாக மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் என்று ஆய்வகங்கள் வளர்த்துவந்த ஒரு வகை, உண்மையில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்கள் என்று தெரியவந்த கதையும் உண்டு. எங்கள் துறைக்கு இவை தலைகுனிவுதான்; மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இவை எல்லாம் கண்ணாடிக் குடுவையிலும் எலியிலும் நடந்த தொடக்கநிலைச் சோதனைகள். மனிதர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பத்தாண்டுகள் எண்ணிய ஆய்வுகளின் மீது அந்த எண்ணிக்கையை ஏற்றுவது, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்கத் தவறுவதாகும். மைத்துனர் சந்தேகப்படட்டும்; அந்தச் சந்தேகத்தைத் தாம் அனுப்பும் செய்தியின் மீதும் கொஞ்சம் செலுத்தினால் நல்லது.

குறைவாக வெட்டுவதே எப்போதும் உயர்ந்தது என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். இப்போது அதுவே புதிய நம்பிக்கையாகி வருகிறது. வாயில் தொடக்கநிலைப் புற்றுநோய் வந்து கழுத்தில் நெறி தட்டுப்படாதவர்களுக்கு, கழுத்துக் கணுக்களை முன்கூட்டியே எடுப்பதா, நெறி கட்டிய பிறகு எடுப்பதா என்பதை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸும் குழுவினரும் சோதித்தார்கள். 2015இல் வந்த முடிவின்படி மூன்றாண்டுகள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் முன்கூட்டியே எடுத்த பிரிவில் 80 சதவீதம், காத்திருந்த பிரிவில் 67.5 சதவீதம். கருப்பைவாய்ப் புற்றுநோயில் வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை, திறந்து செய்வதற்கு இணையானது என்று பல மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகள் காட்டின. நோயாளிகளும் அதையே விரும்பினார்கள். 631 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தபோது, நோய் திரும்பாமல் நாலரை ஆண்டுகளைக் கடந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளைவழி அறுவையில் 86 சதவீதம். சிறிய தழும்பை நம்பிய பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "இது புதிய முறையா, பழைய முறையா" என்பதல்ல. நான் மேலே சொன்ன நிபந்தனைகள் எனக்குப் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். குறிப்பாக, பயாப்ஸி அறிக்கையில் கணுவின் உறையைத் தாண்டி நோய் வெளியே பரவியிருப்பதாக எழுதப்பட்டிருக்கிறதா, அப்படியானால் எந்த அளவுக்கு என்று பார்க்கச் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே உங்களுக்குக் கீமோதெரபி கொடுத்திருந்தால் கணக்கே வேறு. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. கதிர்வீச்சு மருத்துவரிடம், மார்புக்கு மட்டும் கொடுக்கப்போகிறார்களா, அக்குளின் கீழ்ப்பகுதியும் அதற்குள் வருமா என்று தனியாகக் கேளுங்கள். கணுக்களை எடுக்காமல் விட்ட பிறகு கதிர்வீச்சையோ மாத்திரைகளையோ பாதியில் நிறுத்திவிட்டால், அந்த ஆய்வுகளின் முடிவு உங்களுக்குப் பொருந்தாமல் போய்விடும். இது மிக முக்கியம். இந்தக் கேள்விகளைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். எண்களோடு பதில் சொல்லக்கூடியவர் மகிழ்ச்சியாகவே சொல்வார். "எனக்கு இருபதாண்டு அனுபவம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லையென்றால், இன்னொரு புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் அறிக்கைகளைக் காட்டிக் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை.

உங்கள் அக்காவுக்கு அன்று செய்தது, அன்றைக்கு இருந்த சான்றின்படி சரியான சிகிச்சைதான். யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஆனால் அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்ற அறிவுரையை இன்று மறுபரிசீலனை செய்ய வேண்டும். கை வீக்கமுள்ள 141 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மெதுவாக எடையைக் கூட்டிச் செல்லும் பயிற்சியை மேற்பார்வையோடு கற்றுக்கொடுத்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாகும் நிகழ்வுகள் குறைந்தன. கையின் வலிமை கூடியது. நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். அழுத்த உறையை அளவெடுத்து அணிவித்து, மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்குவார்கள். பதினெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டதால் பயனில்லை என்று விட்டுவிட வேண்டாம். கை திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது கிருமித்தொற்று, உடனே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.